நல்லாட்சியும் சிவில் சமூகமும்: ஒரு மாணவியின் கேள்விக்கு விரிவான பதில்

கொட்டாஞ்சேனையில் வசித்துக்கொண்டு பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் பயிலும் மாணவி ஒருவர் இரண்டு கேள்விகளைச் சேர்த்து அனுப்பியிருந்தார். நல்லாட்சியை வளர்ப்பதில் சிவில் சமூகத்தின் பங்கு யாது என்பது முதலாவது. கொழும்பில் அலுவலகம் வைத்து வெளிநாட்டு நிதியில் கருத்தரங்கு நடத்தும் அரசசார்பற்ற நிறுவனங்களால் தமது தோட்டத்துச் சனங்களுக்கு (கொழும்பில் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளைத் தோட்டம் என்பார்கள்) இதுவரை என்ன கிடைத்தது என்பது இரண்டாவது. முதலாவது பரீட்சைக்கு வரக்கூடிய கேள்வி. இரண்டாவது மனத்தில் கிடந்து உறுத்தும் கேள்வி. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இத்துறையில் வேலைசெய்தவன் என்ற வகையில், இரண்டாவதைத் தவிர்த்துவிட்டு முதலாவதற்கு நேர்மையாக விடையளிக்க முடியாது என்று கருதுகிறேன்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பங்கேற்பு, சட்டத்தின் ஆட்சி, வெளிப்படைத்தன்மை, பொறுப்புக்கூறல், சமத்துவம், வினைத்திறன் என்று நல்லாட்சியின் பண்புகளைப் பாடநூல்கள் அடுக்குகின்றன. அவை பிழையல்ல. ஆனால் இலங்கையில் இச்சொல்லுக்கு ஒரு தனிக்கதை உண்டு. 2015 சனவரியில் ஆட்சிக்கு வந்த அரசாங்கத்தின் பெயராகவே மக்கள் "நல்லாட்சி" என்ற சொல்லை வழங்கினார்கள். அடுத்த மாத இறுதியில் நடந்த மத்திய வங்கிப் பிணைமுறி (அரசாங்கம் கடன் பெறுவதற்கு விற்கும் பத்திரம்) விநியோகம் பெரும் சர்ச்சையாக வெடித்த பின்னர் அதே சொல் சந்தியில் நின்று பேசுபவர்களின் வாயில் வசைச்சொல்லாகியது. ஆட்சியாளரின் நற்குணத்தைக் குறிக்கும் சொல்லாக நல்லாட்சியை எடுத்துக்கொண்டால் இவ்வாறான ஏமாற்றம் தவிர்க்க முடியாதது. அதிகாரத்தில் இருப்பவர் நல்லவராயினும் அல்லராயினும், தாம் செய்வதற்குக் காரணம் சொல்லியே ஆகவேண்டிய நிலையில் அவரை வைத்திருக்கும் ஏற்பாட்டையே நான் நல்லாட்சி என்று விளங்கிக்கொள்கிறேன். அந்த நிலையில் அவரை வைத்திருப்பவர்களுள் எதிர்க்கட்சியும் நீதிமன்றமும் ஊடகமும் அடங்கும். இவற்றோடு, ஆட்சியைக் கைப்பற்றும் நோக்கமோ இலாபமீட்டும் நோக்கமோ இன்றி ஒன்றுசேர்ந்து நிற்கும் மக்கள் இருக்கிறார்கள். அவர்களைத்தான் சிவில் சமூகம் என்கிறோம்.

இந்த வரைவிலக்கணத்தின்படி பார்த்தால், வசதிபடைத்தோர் வாழும் கொழும்பு 7இல் பெயர்ப்பலகை வைத்திருக்கும் நிறுவனங்கள் சிவில் சமூகத்தின் ஒரு சிறு பகுதிதான். யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையமும், வன்னியின் கமக்கார அமைப்பும், மன்னாரின் மீனவர் கூட்டுறவுச் சங்கமும், கிராமந்தோறும் இயங்கும் மாதர் அபிவிருத்திச் சங்கமும் சிவில் சமூகமே. கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிருவாக சபை, பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஆகியவற்றையும் அதில் சேர்க்கலாம். கொழும்பின் தோட்டங்களில் மாதச் சந்தா சேகரித்து இறுதிக் கிரியைகளுக்கு உதவும் மரண உதவிச் சங்கங்கள் கணக்குப் புத்தகத்தைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டும் வழக்கம் பொறுப்புக்கூறலின் மிகப் பழைய வடிவங்களில் ஒன்று என்றே நான் சொல்வேன். இம்மாணவியின் வீட்டாரும் அத்தகைய ஒரு சங்கத்தில் அங்கத்தவர்களாக இருக்கக்கூடும்.

சிவில் சமூகம் உண்மையில் எதைச் செய்து முடித்திருக்கிறது என்பதைக் காட்ட, தகவல் அறியும் உரிமையை விடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1998இல் பத்திரிகை ஆசிரியர்களும் வெளியீட்டாளர்களும் ஊடகச் சுதந்திர இயக்கத்தினரும் கூடி, ஊடகச் சுதந்திரம் பற்றிய கொழும்புப் பிரகடனத்தை வெளியிட்டபோது, தகவல் சுதந்திரச் சட்டம் ஒன்று வேண்டும் என்ற கோரிக்கையும் அதில் இடம்பெற்றது. 2004இன் தொடக்கத்தில் ஒரு வரைவு அமைச்சரவையின் அங்கீகாரம் வரை சென்றது. பாராளுமன்றம் கலைக்கப்பட்டதும் அதுவும் மறைந்தது. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் ஊடகவியலாளர்கள் கொல்லப்பட்டார்கள், காணாமலாக்கப்பட்டார்கள், நாட்டை விட்டு வெளியேறினார்கள். அப்படியிருந்தும் சட்டத்தரணிகளும் ஊடக அமைப்புகளும் அந்த வரைவைக் கைவிடவில்லை. 2015இல் 19ஆம் திருத்தம் தகவல் பெறும் உரிமையை 14அ உறுப்புரையாக அரசியலமைப்பில் சேர்த்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நிறைவேறி, 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள்! ஒரு பாராளுமன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டு. ஓர் அமைச்சரின் ஆயுள் பல வேளைகளில் அதிலும் குறைவு. ஒரே கோரிக்கையைப் பதினெட்டு ஆண்டுகள் காவிச்செல்லக்கூடியது கட்சியல்ல, அமைச்சுமல்ல.

அச்சட்டத்தின் அமைப்பையும் கவனிக்க வேண்டும். ஐந்து உறுப்பினர்களைக் கொண்ட தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குச் சட்டத்தரணிகள் சங்கம் ஒருவரையும், ஊடக அமைப்புகள் ஒருவரையும், ஏனைய சிவில் அமைப்புகள் ஒருவரையும் பிரேரிக்கலாம். தகவல் கோரும் பிரசை எதற்காகக் கேட்கிறார் என்ற காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. தகவல் அலுவலர் மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அங்கும் நியாயம் கிடைக்காவிடின் ஆணைக்குழுவுக்கும், அதற்கு அப்பால் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் செல்லலாம். சொத்து விபரங்களைச் சமர்ப்பித்த பாராளுமன்ற உறுப்பினர்களின் பெயர்ப்பட்டியலை ஊடகவியலாளர் ஒருவர் கேட்டார், பாராளுமன்றம் மறுத்தது, ஆணைக்குழு கொடுக்கச் சொன்னது, 2023 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அக்கட்டளையை உறுதிப்படுத்தியது. தனி ஒருவரின் கடிதம் நாட்டின் சட்டவாக்க மன்றத்தைப் பதில் சொல்ல வைத்தது.

நானே அருகிலிருந்து பார்த்த ஒரு சிறு நிகழ்வையும் இங்கே சொல்ல வேண்டும். கொழும்பை அண்டிய ஒரு குடியிருப்பில் மழை பெய்தால் வடிகான் நிரம்பி, கழிவுநீர் வீடுகளுக்குள் வரும். வடிகானைத் திருத்துவதற்கு நிதி ஒதுக்கப்பட்டு வேலை முடிந்துவிட்டது என்று அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னார்கள். அங்கிருந்த மரண உதவிச் சங்கத்தின் பொருளாளரான அம்மா ஒருவர், மதிப்பீடு எவ்வளவு, ஒப்பந்தகாரர் யார், எத்தனை மீற்றர் வேலை முடிந்ததாகப் பதிவாகியுள்ளது, வேலையைப் பார்வையிட்டுக் கையொப்பமிட்டவர் எப்பதவியை வகிப்பவர் என்ற நான்கு வினாக்களை மட்டும் எழுதிக் கொடுத்தார். எழுதிக்கொடுக்க நான் உதவினேன், வினாக்கள் அவருடையவை. முதலில் வந்த பதில் சிங்களத்தில் மட்டும் இருந்தது. சிங்களம் நிருவாக மொழியாக உள்ள இடத்திலும் பிரசையொருவர் தமிழில் பதில் பெற உரித்துடையவர் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்வதைச் சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்பினோம். தமிழில் பதில் வந்தபோது, வடிகானின் முழு நீளத்துக்கும் வேலை நடந்ததாகக் கடதாசியில் இருந்தது. நிலத்தில் பாதிக்கும் குறைவாகவே கொங்கிரீட் போடப்பட்டிருந்தது. அந்த அம்மா அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, இரண்டு இளைஞர்களோடு போய், அளந்து, படமெடுத்து, அதே கடிதத்தின் பிரதியோடு இணைத்து அனுப்பினார். மீதிப் பகுதி முடிவதற்குப் பதினொரு மாதம் எடுத்தது.

இந்தச் சம்பவத்தில் யாரும் கோஷம் எழுப்பவில்லை. கோஷம் தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அலுவலகம் அஞ்சுவது சத்தத்துக்கு அல்ல, பதிவுக்கு என்பதை அன்று நான் கண்டேன். வாய்ப்பேச்சை எளிதில் மறுத்துவிடலாம்; திகதியும் இலக்கமும் கையொப்பமும் உள்ள கடிதத்தை மறுப்பது கடினம்.

அடுத்தது நீதிமன்றம். பொதுமக்கள் சார்பில் தொடுக்கப்படும் அடிப்படை உரிமை வழக்குகள் இந்நாட்டில் ஆட்சியின் எல்லைகளை வரைந்திருக்கின்றன. எப்பாவல பொஸ்பேற்றுப் படிவத்தை அகழ்ந்தெடுக்க அரசாங்கம் செய்ய முனைந்த உடன்படிக்கைக்கு எதிராக, அப்பகுதி விவசாயிகளும் விகாராதிபதி ஒருவரும் தொடுத்த வழக்கில், இயற்கை வளங்களுக்கு அரசு உடைமையாளரன்று, மக்களின் பொருட்டு அவற்றைக் காக்கும் நம்பிக்கைப் பொறுப்பாளரே என்ற கருத்தை 2000ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் நிலைநாட்டியது. அந்த நம்பிக்கைப் பொறுப்புக் கோட்பாடே 2023 நவம்பர் 14ஆம் திகதி வெளிவந்த தீர்ப்பிலும் பேசியது. ஊழல் எதிர்ப்பு அமைப்பான ட்ரான்ஸ்பேரன்சி இன்டர்நெஷனலின் இலங்கைக் கிளையும், வர்த்தக சம்மேளனத்தின் முன்னாள் தலைவர் சந்திரா ஜயரத்ன, முன்னாள் நீச்சல் வீரர் ஜூலியன் போலிங் ஆகியோரும் உள்ளிட்ட மனுதாரர்கள் தொடுத்த வழக்கு அது. முன்னாள் சனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, முன்னாள் பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ, முன்னாள் நிதியமைச்சர் பசில் ராஜபக்ஷ, மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவர் உள்ளிட்டோர் பொருளாதார நெருக்கடி தொடர்பில் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் என்று நால்வருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் நீதியரசர்கள் தீர்மானித்தார்கள். மனுதாரர்கள் தமக்கென நட்டஈடு கோரியிருக்கவில்லை.

வழக்குத் தொடுப்பதற்கான காலவெளி மிகக் குறுகியது என்பதையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் சேர்க்கப்பட்ட நாளிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் எந்தப் பிரசையும் அதனை உயர் நீதிமன்றத்தில் சவாலுக்கு உட்படுத்தலாம். அந்த நாட்கள் கடந்து, சபாநாயகர் சான்றுரைப்படுத்திய பின்னர், சட்டத்தின் செல்லுபடித்தன்மையை எந்த நீதிமன்றமும் கேள்விக்கு உட்படுத்த முடியாது. வேறு பல நாடுகளில் சட்டம் நிறைவேறிப் பல்லாண்டுகளுக்குப் பிறகும் நீதிமன்றம் அதனைத் தள்ளிவிடக்கூடும். இங்கே அந்தக் கதவு மூடப்பட்டிருக்கிறது. ஆகவே வர்த்தமானியைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சிலர் கண்ணயர்ந்தால், முழு நாடும் தவறான ஒரு சட்டத்தோடு வாழ வேண்டிவரும். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் போன்ற அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் செய்துவரும் இந்த விழிப்புப் பணி வெளியே தெரியாது, செய்தியாகவும் வராது. கொழும்பில் அலுவலகம் வைத்திருப்பவர்களால் என்ன பயன் என்று கேட்போருக்கு நான் முதலில் சுட்டிக்காட்டுவது இதனைத்தான்.

தேர்தல் கண்காணிப்பைப் பற்றிப் பலரும் அறிவார்கள் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். 1987இல் தொடங்கிய பஃவ்ரல் அமைப்பும் 1997இல் உருவான தேர்தல் வன்முறைக் கண்காணிப்பு நிலையமும் வாக்களிப்பு நிலையங்களில் சாட்சிகளை நிறுத்தின. 2023இல் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போடப்பட்டபோது, வழக்குத் தொடுத்தவர்களுள் கண்காணிப்பு அமைப்புகளும் இருந்தன. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உள்ளூராட்சி மன்றங்களில் ஏறத்தாழ 2 வீதமாக இருந்த பெண்களின் தொகை 2018 தேர்தலின் பின் 20 வீதத்தைத் தாண்டியமைக்கும், பெண்கள் அமைப்புகள் பல தசாப்தங்களாகக் கோரிப் பெற்ற 25 வீத ஒதுக்கீடே காரணம்.

மலையகத்தைப் பற்றிய ஒரு விடயம் கொழும்பில் அதிகம் பேசப்படுவதில்லை. நான் அதனை முக்கியமானதாகக் கருதுகிறேன். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் எழுதப்பட்டிருந்த விதத்தினால், பெருந்தோட்டங்களுக்குள் வீதி போடவோ கிணறு வெட்டவோ பிரதேச சபைகளால் தாராளமாகச் செலவு செய்ய முடியவில்லை. தோட்டத் தொழிலாளர் வாக்களித்தார்கள். அவர்கள் வாக்கில் தெரிவான சபை அவர்களின் லயத்துக்கு (வரிசைக் குடியிருப்புக்கு) முன்னால் உள்ள பாதையைத் தொட முடியாதிருந்தது. மலையகச் சிவில் அமைப்புகளும் அரசியல்வாதிகளும் நீண்ட காலம் வலியுறுத்தியதன் பின்னர், 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. சட்டத்தின் ஒரு பிரிவில் இருந்த சில சொற்கள் தலைமுறைகளை எவ்வாறு ஒதுக்கிவைத்தன என்பதைக் கண்டுபிடித்துச் சொல்வதற்கு, அந்த லயத்தில் வாழ்ந்தவர்களும் சட்டம் படித்தவர்களும் ஒரே மேசையில் அமர வேண்டியிருந்தது.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மாணவியின் மனக்குறையில் நியாயம் உண்டு. திட்ட நிதி மூன்றாண்டுக்கு வந்தால் அக்கறையும் மூன்றாண்டோடு முடிகிறது. அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டு நிதி தந்தவருக்குப் போகிறது. யாருடைய பெயரால் நிதி பெறப்பட்டதோ அவருக்குத் தமிழிலோ சிங்களத்திலோ அது திரும்பி வருவதில்லை. அரசாங்கத்திடம் வெளிப்படைத்தன்மை கோரும் அமைப்புகளுள் சில தமது கணக்கறிக்கையை வெளியிடுவதில்லை. ஒரே தலைவர் இருபது ஆண்டுகளாக ஆசனத்தில் இருக்கிறார். இவற்றை எதிரிகளின் அவதூறு என்று ஒதுக்கிவிடுபவர்களோடு நான் உடன்படவில்லை. பிறரைக் கேள்வி கேட்கும் தகுதி தன்னைக் கேட்க விடுபவருக்கே உண்டு.

2015இன் அனுபவம் இதைவிடக் கனதியானது. மாதுலுவாவே சோபித தேரரின் தலைமையில் நீதியான சமூகத்துக்கான தேசிய இயக்கம் ஆட்சி மாற்றத்துக்கு அரும்பாடுபட்டது. மாற்றம் வந்தது, அதே ஆண்டு நவம்பரில் தேரர் காலமானார். அவரோடு நின்ற பலர் அரசாங்கத்தின் குழுக்களிலும் ஆலோசனைப் பதவிகளிலும் அமர்ந்தார்கள். அவர்களுள் நேர்மையானவர்கள் பலர் இருந்ததை நான் அறிவேன். ஆயினும் பிணைமுறி விவகாரத்தில் எழவேண்டிய குரல்களுள் சில தயங்கின. நம்மவர்களின் அரசாங்கம் என்ற எண்ணம் நாவைக் கட்டியது. அரசாங்கத்துக்கு உதவுவது சிவில் சமூகத்தின் பணியன்று என்று நான் கூறமாட்டேன், ஏனெனில் தகவல் அறியும் சட்டமும் 19ஆம் திருத்தமும் அந்த நெருக்கத்தாற்கூட வந்தவையே. ஆனால் குழுவில் அமர்பவர் ஒருவரும், வெளியே நின்று கேட்பவர் வேறொருவருமாக இருப்பது நல்லது.

தமிழர்களாகிய நாம் பேசாமல் விடமுடியாத இன்னொரு குறையும் உண்டு. தெற்கின் சிவில் சமூகம் ஊழலைப் பற்றிப் பேசிய அளவுக்கு, காணாமலாக்கப்பட்டோரையும் பறிக்கப்பட்ட காணிகளையும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தையும் நல்லாட்சியின் விடயங்களாகப் பார்க்கவில்லை. 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி கைதான பிள்ளைகளுக்காகத் தெருவில் இறங்கியது. 1990இல் தெற்கிலும் அதே பெயரில் தாய்மார் திரண்டார்கள். இரண்டும் ஒரே கேள்வியையே கேட்டன: என் பிள்ளையைக் கொண்டுபோனது நீ, எங்கே வைத்திருக்கிறாய்? அரசிடம் பொறுப்புக்கூறலைக் கோரும் கேள்விகளுள் இதற்கு மேற்பட்டது ஒன்றில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மாரில் பலர் விடை காணாமலே காலமாகிவிட்டார்கள். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2016ஆம் ஆண்டின் சட்டத்தினால் உருவானது உண்மை. அந்தத் தாய்மாருக்கு அது இன்னும் விடையாகவில்லை என்பதும் உண்மை.

இந்தப் பிரிவுகளைக் கடந்தும் வேலை நடக்க முடியும் என்பதற்குச் சுன்னாகம் சான்று. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் இயங்கிய மின் உற்பத்தி நிலையம் ஒன்றினால் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றவர் தெற்கைச் சேர்ந்த சுற்றாடல் செயற்பாட்டாளர். வலிகாமத்து மக்களின் குடிநீருக்காகத் தொடுக்கப்பட்ட அவ்வழக்கில், பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் செலுத்துமாறு 2019 ஏப்ரலில் நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. தொகை போதுமா என்பது வேறு விடயம். கிணற்றுத் தண்ணீரின் பரிசோதனை அறிக்கைகள் இல்லாதிருந்தால் வழக்கே நின்றிராது.

கேட்காத காதுகளுக்கு என்ன செய்வது என்ற கேள்வியும் இங்கே எழும். மீதொட்டமுல்ல குப்பைமேட்டைச் சுற்றி வாழ்ந்தவர்கள் ஆண்டுக்கணக்காக ஆர்ப்பாட்டம் செய்தார்கள், மனுக் கொடுத்தார்கள். 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் அந்த மேடு சரிந்து 30இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அங்கே சிவில் சமூகம் தோற்றது என்று சிலர் எழுதினார்கள். நான் அவ்வாறு சொல்லமாட்டேன். அம்மக்கள் சொல்லவேண்டியதை வேண்டிய காலத்தில் சொல்லியிருந்தார்கள். கேட்கவேண்டிய பொறுப்பு வேறிடத்தில் இருந்தது. ஆனால் அவர்களோடு கொழும்பின் ஏனைய பகுதிகள் நிற்கவில்லை. தம் வீட்டுக் குப்பை எங்கே போகிறது என்று வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் இருந்த நாம் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த மௌனத்தை எண்ணும்போது இன்றும் மனம் கனக்கிறது.

ஆகவே, தோட்டத்துச் சனங்களுக்கு நிறுவனங்கள் என்ன கொடுத்தன என்று கேட்பதோடு, தோட்டத்துச் சங்கமும் கொழும்பு 7இன் சட்டத்தரணியும் எந்த இடத்தில் சந்திக்கிறார்கள் என்றும் மாணவி ஆராய்ந்து பார்க்கலாம். அவருடைய ஆய்வுக்கு அது நல்ல தலைப்பாக அமையும். நான் மேலே சொன்ன பொருளாளர் அம்மா, பதினொரு மாதக் கடிதங்களையும் ஒரு நீலக் கோப்பில் கோத்து வைத்திருக்கிறார். பக்கத்துத் தோட்டத்திலிருந்து பொதுக் கழிவறைப் பிரச்சினையோடு வந்தவர்களுக்கு அந்தக் கோப்பைத் திறந்து காட்டியே விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுத்தார். மாணவி விரும்பினால் அவரைச் சந்திக்க ஏற்பாடு செய்து தருகிறேன்; ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், சந்தாப் பணம் எண்ணும் நேரத்தில், அவர் வீட்டில் இருப்பார்.